குடும்ப வன்முறையும் துப்பாக்கி உரிமமும்

குடும்ப வன்முறை புரிவோரிடமிருந்து துப்பாக்கி முதலிய ஆயுதங்களை விலக்கி வைத்தல் என்பது, வீட்டினுள் நிகழும் வன்முறை உயிரிழப்பில் முடியாமல் தடுக்கும் பொருட்டுப் பல நாடுகள் கைக்கொள்ளும் சட்ட நடவடிக்கை ஆகும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. எனினும் ஆயுதச் சட்டம், 1959, ஆயுத விதிகள், 2016, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அச்சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2006 ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றில் இதற்குரிய பிரிவுகள் தனித்தனியே அமைந்துள்ளன. இப்பிரிவுகளைச் செயல்படுத்தும் அதிகாரம் ஒரே அலுவலரிடம் இல்லை. காவல்துறை, வருவாய்த்துறை, சமூக நலத்துறை, நீதிமன்றம் ஆகிய நான்கிடமும் பிரிந்து கிடக்கிறது. எனவே ஒரு துறைக்குத் தெரிந்த செய்தி மற்றொரு துறைக்குச் சென்று சேர்வதே இந்நடவடிக்கையின் வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இக்கட்டுரை மதுரை மாநகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளிப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சட்டப் பிரிவுகளையும் அவை செயல்படும் முறையையும் விளக்குகிறது.

பின்னணி

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஒரு முறையேனும் உள்ளாகியுள்ளனர். இந்திய அளவில் இது 29.3 விழுக்காடு ஆகும். இதற்கு மாறாக, உரிமம் பெற்ற துப்பாக்கிகள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. 2016 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் இருந்த ஏறத்தாழ 33.7 இலட்சம் ஆயுத உரிமங்களுள் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 இலட்சம் இருந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500 உரிமங்களே இருந்தன.

இதனால் மதுரைப் பகுதியில் குடும்ப வன்முறையில் பயன்படும் பொருட்களில் துப்பாக்கி முதலிடம் பெறுவதில்லை. கை, கம்பு, அரிவாள், மண்ணெண்ணெய் முதலியனவே பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன. ஆயினும் துப்பாக்கி உள்ள வீட்டின் நிலை வேறானது. முதலாவதாக, ஏனைய தாக்குதல்களில் தப்பிப்பதற்கோ அக்கம் பக்கத்தார் இடைபுகுந்து தடுப்பதற்கோ இருக்கும் வாய்ப்பு, துப்பாக்கிச் சூட்டில் பெரும்பாலும் இல்லை. இரண்டாவதாக, துப்பாக்கி சுடப்படாமலேயே அச்சுறுத்தும் கருவியாகப் பயன்படுகிறது. சுவரில் மாட்டப்பட்டிருக்கும் துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பதும், சண்டை நடக்கும்போது அதனை எடுத்து மேசை மீது வைப்பதும் மனைவியின் வாயை அடைப்பதற்குப் போதுமானவை. இவ்வாறான அச்சுறுத்தல் உடலில் காயத்தை விட்டுச் செல்வதில்லை என்பதால் மருத்துவச் சான்றிலும் இடம்பெறுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் 11 நகரங்களில் சாக்குலின் கேம்பல் என்பவரும் பிறரும் மேற்கொண்டு 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஆகும். துன்புறுத்தும் துணைவருக்குத் துப்பாக்கி எட்டும் நிலையில், அப்பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் உயர்வதாக அவ்வாய்வு கண்டறிந்தது. இந்தியாவின் நிலை வேறு என்றாலும், வன்முறையாளரையும் ஆயுதத்தையும் பிரித்து வைத்தல் உயிர் காக்கும் என்ற அடிப்படை இங்கும் பொருந்தும்.

மதுரைப் பகுதியில் ஆயுதக் கட்டுப்பாட்டின் வரலாறு

இப்பகுதியில் ஆயுதக் கட்டுப்பாடு குடியேற்றவாத அரசின் பாதுகாப்பை முன்னிட்டே தொடங்கியது. பாளையக்காரர் போர்கள் முடிவுற்ற பின்னர், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது இயற்றப்பட்ட 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. விடுதலைக்குப் பின் இச்சட்டம் நீக்கப்பட்டு, இன்று நடைமுறையில் உள்ள ஆயுதச் சட்டம், 1959 கொண்டு வரப்பட்டது.

மேற்கண்ட சட்டங்கள் அனைத்தும் பொது அமைதியை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. கலகம், கொள்ளை, சாதி மோதல் போன்ற வீட்டிற்கு வெளியே நிகழும் வன்முறையே அவற்றின் கவலையாக இருந்தது. வீட்டினுள் நிகழும் வன்முறை 1983 ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்ட பின்னரே தனிக் குற்றமாக ஏற்கப்பட்டது. இப்பிரிவு 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 85, 86 ஆம் பிரிவுகளாக இடம்பெற்றுள்ளது.

இப்பகுதியில் காணப்படும் துப்பாக்கிகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* தற்காப்புக்காக உரிமம் பெற்ற ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும். நிலக்கிழார்கள், வணிகர்கள் முதலியோரிடம் இவை உள்ளன. சில குடும்பங்களில் தந்தைக்குப் பின் மகன் என வழிவழியாக வருகின்றன.
* வங்கி, நகைக்கடை போன்றவற்றின் காவலர்கள் வைத்திருக்கும் துப்பாக்கிகள். இக்காவலர்களுள் பலர் முன்னாள் படைவீரர்கள் ஆவர்.
* பயிர்ப் பாதுகாப்பிற்காக வைத்திருக்கும், கருமருந்தைக் குழலின் வாய் வழியே இட்டுக் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள். அழகர் மலை, சிறுமலை போன்ற மலைகளின் அடிவாரத்தில் காட்டுப்பன்றித் தொல்லை உள்ள இடங்களுக்கு உரியவை இவை.
* உரிமம் இன்றிச் செய்யப்பட்ட நாட்டுத் துப்பாக்கிகள்.
* காவல்துறையினரும் படையினரும் பணியின் பொருட்டு வைத்திருக்கும் துப்பாக்கிகள்.

இவற்றுள் முதல் மூன்று வகைகளே உரிமச் சட்டத்தால் நேரடியாகக் கட்டுப்படுத்தப்படுபவை. எஞ்சிய இரண்டிற்கும் வேறு வழிகள் தேவைப்படுகின்றன.

உரிமம் வழங்கப்படும் முறை

ஆயுதச் சட்டத்தின்படி, காவல் ஆணையர் உள்ள பகுதிகளில் மாவட்ட நடுவருக்குரிய அதிகாரம் அவ்வாணையரையே சாரும். எனவே மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் வசிப்போருக்கு மாநகரக் காவல் ஆணையரும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய எஞ்சிய பகுதிகளில் வசிப்போருக்கு மாவட்ட ஆட்சியரும் உரிமம் வழங்கும் அலுவலர்கள் ஆவர்.

விண்ணப்பம் பெறப்பட்டதும், விண்ணப்பதாரர் வசிக்கும் பகுதியின் காவல் நிலைய அலுவலரிடமிருந்து அறிக்கை கோரப்படும். 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உடல், மன நலம் குறித்த மருத்துவச் சான்றையும், துப்பாக்கியை வீட்டில் பாதுகாப்பாக வைத்திருப்பதற்கான உறுதிமொழியையும் கட்டாயமாக்கின. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. அதே திருத்தம் உரிமத்தின் கால அளவை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டித்தது. இதனால் உரிமம் பெற்றவரின் நடத்தை மீளாய்வு செய்யப்படும் இடைவெளியும் நீண்டுவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

காவல் நிலையத்தின் அறிக்கை பெரும்பாலும் பதிவான குற்ற வழக்குகளை அடிப்படையாகக் கொண்டது. குடும்பத் தகராறுகள் பல, மனு விசாரணையிலேயே சமரசம் செய்து அனுப்பப்படுவதால் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு பெறுவதில்லை. இத்தகைய மனு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பெறப்பட்டிருக்க, உரிமத்திற்கான அறிக்கையை அளிப்பதோ சட்டம் ஒழுங்குக் காவல் நிலையம் ஆகும். விண்ணப்பதாரரின் மனைவியை விசாரிக்க வேண்டும் என இந்திய விதிகள் கட்டாயப்படுத்தவில்லை.

ஆயுதச் சட்டத்தில் உள்ள தடைகள்

ஆயுதச் சட்டத்தில் குடும்ப வன்முறை என்ற சொல் இல்லை. எனினும் பின்வரும் பிரிவுகள் இதற்குப் பயன்படக்கூடியவை.

* 9 ஆம் பிரிவு: வன்முறை அல்லது ஒழுக்கக் கேடு சார்ந்த குற்றத்திற்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருக்க இயலாது. அமைதி காக்கவோ நன்னடத்தையுடன் இருக்கவோ பிணைமுறி எழுதித் தருமாறு ஆணையிடப்பட்டவர், அப்பிணைமுறியின் காலம் முடியும் வரை துப்பாக்கி வைத்திருக்க இயலாது.
* 14 ஆம் பிரிவு: விண்ணப்பதாரர் ஏதேனும் ஒரு காரணத்தால் தகுதியற்றவர் எனக் கருதினாலோ, பொது அமைதி அல்லது பொதுப் பாதுகாப்பிற்குத் தேவை எனக் கருதினாலோ உரிமம் மறுக்கப்படலாம்.
* 17 ஆம் பிரிவு: அதே காரணங்களுக்காக, வழங்கப்பட்ட உரிமத்தை எழுத்து மூலமான ஆணையால் இடைநிறுத்தவோ நீக்கவோ உரிமம் வழங்கும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. பாதிக்கப்பட்டவர் 18 ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம்.
* 21 ஆம் பிரிவு: உரிமம் இல்லாது போனவர் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் அல்லது உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும்.
* 22 ஆம் பிரிவு: ஒருவரிடம் ஆயுதம் இருப்பது பொது அமைதிக்கோ பாதுகாப்பிற்கோ ஆபத்து என நம்புவதற்குக் காரணம் இருப்பின், நடுவர் அக்காரணத்தைப் பதிவு செய்து, வீட்டைச் சோதனையிட்டு ஆயுதத்தைக் கைப்பற்றச் செய்யலாம். அந்நபருக்கு முறையான உரிமம் இருந்தாலும் இது பொருந்தும்.

22 ஆம் பிரிவில் நடுவர் எனப்படுபவர் நீதித்துறை நடுவர் அல்லர். நிருவாகத்துறை நடுவர் ஆவார். வருவாய்க் கோட்டாட்சியரும் வட்டாட்சியரும் இவ்வகையினர். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்திற்குரிய வகையில் இறந்தால் விசாரணை நடத்துபவரும் தமிழ்நாட்டில் இதே கோட்டாட்சியரே. இறப்பிற்குப் பின் விசாரிக்கும் கடமை பரவலாக அறியப்பட்டுள்ளது. இறப்பிற்கு முன் ஆயுதத்தைக் கைப்பற்றும் அதிகாரம் அதே அலுவலரிடம் இருப்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

ஆயுதத்தின் வரையறை

ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மட்டுமன்றிக் கூர்மையான கொலைக் கருவிகளையும் ஆயுதம் என்கிறது. ஆயினும் வீட்டு உபயோகத்திற்கோ வேளாண்மைக்கோ மட்டும் உரிய பொருட்களை அது விலக்குகிறது. கருவேல மரம் வெட்டவும், தென்னையில் மட்டை கழிக்கவும் பயன்படும் அரிவாள் மதுரை வட்டாரத்தில் ஏறத்தாழ எல்லா உழவர் வீடுகளிலும் இருப்பது. அதனை வைத்திருப்பது இச்சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது. எனவே அரிவாளைக் காட்டி மிரட்டும் கணவனிடமிருந்து அதனை எடுப்பதற்கு ஆயுதச் சட்டத்தை விடக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளே ஏற்றவை.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் உள்ள வழிகள்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் ஆகிய நான்கு வழிகளிலும் இழைக்கப்படும் கொடுமையை இது குடும்ப வன்முறை என வரையறுக்கிறது. அடிப்பது மட்டுமன்றிக் குற்றவியல் மிரட்டலும் உடல் சார்ந்த கொடுமையில் அடங்கும் என 3 ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. எனவே துப்பாக்கியைக் காட்டிக் கொன்றுவிடுவதாக மிரட்டுவது, சுடப்படாவிட்டாலும், காயம் ஏற்படாவிட்டாலும், இச்சட்டத்தின் கீழ் வன்முறையே ஆகும்.

பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவர் சார்பில் வேறொருவரோ, பாதுகாப்பு அலுவலரோ 12 ஆம் பிரிவின் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம். மனு பெறப்பட்ட மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை நடைபெறவும், அதிலிருந்து அறுபது நாட்களுக்குள் மனு முடிக்கப்படவும் முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. அவசர நிலையில் எதிர்த்தரப்பைக் கேளாமலேயே 23 ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஆணை வழங்கலாம்.

18 ஆம் பிரிவின்படி வழங்கப்படும் பாதுகாப்பு ஆணை, வன்முறையில் ஈடுபடுவதற்கும், பெண்ணின் பணியிடத்திற்கோ குழந்தையின் பள்ளிக்கோ செல்வதற்கும், ஆணையில் குறிப்பிடப்படும் வேறு எச்செயலுக்கும் தடை விதிக்கலாம். வேறு எச்செயலும் என்ற இத்தொடரின் கீழ், துப்பாக்கியை வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என ஆணையிடுமாறு கோருவதற்கு இடமுண்டு. ஆணையை மீறினால் 31 ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

2006 ஆம் ஆண்டு விதிகளுள் இரண்டு இங்கு முக்கியமானவை. 9 ஆம் விதியின்படி, வன்முறை நடந்துகொண்டிருப்பதாகவோ நடக்கப்போவதாகவோ தொலைபேசி போன்ற வழியில் நம்பத்தக்க தகவல் கிடைத்தால், பாதுகாப்பு அலுவலரோ சேவை வழங்குநரோ உடனே காவல்துறை உதவியுடன் அவ்விடம் செல்ல வேண்டும். 10 ஆம் விதியின்படி, நடுவர் எழுத்து மூலம் பணித்தால், குடும்ப வன்முறையில் தொடர்புடைய எந்த ஆயுதத்தையும் பறிமுதல் செய்யப் பாதுகாப்பு அலுவலர் காவல்துறையின் உதவியைப் பெறலாம். இவ்விதி துப்பாக்கிக்கும் அரிவாளுக்கும் வேறுபாடு காட்டவில்லை. நடுவரின் எழுத்து மூலமான பணிப்பு தேவை என்பதால், மனுவிலேயே ஆயுதத்தைப் பற்றிக் குறிப்பிட்டுப் பறிமுதல் கோருவது அவசியமாகிறது.

இரு சட்டங்களும் சேரும் இடம்

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, வசிப்பிடம் தொடர்பான ஆணைகளைப் பற்றியது. இதன் மூன்றாம் உட்பிரிவு, இனி வன்முறை நிகழாதிருக்கும் பொருட்டு எதிர்மனுதாரரிடம் பிணைமுறி எழுதி வாங்க நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. அவ்வாறான ஆணை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 8 ஆம் அத்தியாயத்தின் கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட ஆணையாகவே கொள்ளப்படும் என நான்காம் உட்பிரிவு கூறுகிறது.

அமைதி காத்தலுக்கும் நன்னடத்தைக்கும் உரிய பிணைமுறிகளைப் பற்றியது அவ்வத்தியாயம். அதன் கீழ்ப் பிணைமுறி எழுதித் தருமாறு ஆணையிடப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்க இயலாது என்பதே ஆயுதச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு. இரண்டையும் இணைத்து வாசிக்கையில், குடும்ப வன்முறை வழக்கில் பிணைமுறிக்கு ஆணையிடப்பட்டவர், அதன் காலம் முடியும் வரை துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியை இழக்கிறார் எனப் பொருள் கொள்ள இடமுண்டு. இதற்குக் குற்றத் தீர்ப்பு தேவையில்லை. வழக்கு முடியும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை.

2024 சூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா நடைமுறையில் உள்ளது. பிணைமுறி குறித்த பிரிவுகள் அதன் 9 ஆம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளன. பழைய சட்டத்தைக் குறிப்பிடும் இடங்களைப் புதிய சட்டத்தைக் குறிப்பனவாகக் கொள்ளுதல் பொது விதிக்கூறுகள் சட்டம், 1897 இன் 8 ஆம் பிரிவின்படி அமைந்த பொது நெறியாகும்.

மதுரையில் அணுக வேண்டிய அமைப்புகள்

தமிழ்நாட்டில் பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையின் கீழ்ப் பணியாற்றுகிறார். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் வழி அவரை அணுகலாம். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992 ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் தொடங்கப்பட்டது. மதுரைப் பகுதியில் தல்லாகுளம், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி உள்ளிட்ட இடங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. 181 என்ற மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 இன்படி, வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் ஆவர்.

துப்பாக்கி உள்ள வீட்டைப் பொறுத்தவரை, ஒரே புகாரின் படிகள் வெவ்வேறு அலுவலர்களுக்குச் செல்வது பயன் தரும்.

* பாதுகாப்பு அலுவலர்: குடும்ப நிகழ்வு அறிக்கையில் ஆயுதம் இருப்பதையும் அதனைக் கொண்டு மிரட்டப்பட்டதையும் பதிவு செய்வதற்கு.
* நீதித்துறை நடுவர்: பாதுகாப்பு ஆணை, பிணைமுறி, 10 ஆம் விதியின்படி பறிமுதல் ஆகியவற்றிற்கு.
* மாநகரக் காவல் ஆணையர் அல்லது மாவட்ட ஆட்சியர்: 17 ஆம் பிரிவின் கீழ் உரிமத்தை இடைநிறுத்துவதற்கு.
* வருவாய்க் கோட்டாட்சியர்: 22 ஆம் பிரிவின் கீழ்க் கைப்பற்றுவதற்கு.

துப்பாக்கியின் வகை, அது வைக்கப்பட்டிருக்கும் இடம், உரிமம் யாருடைய பெயரில் உள்ளது, மிரட்டல் நிகழ்ந்த நாள் ஆகிய விவரங்கள் புகாரில் இருந்தால் அலுவலர்கள் விரைந்து செயற்பட இயலும். புகார் அளித்த செய்தி எதிர்த்தரப்பை அடையும் வேளையே பெண்ணுக்கு மிகுந்த ஆபத்தான வேளை எனக் கருதப்படுகிறது. எனவே அதற்கு முன்பே பெண்ணும் குழந்தைகளும் பாதுகாப்பான இடத்தில் இருப்பது நலம்.

குறைபாடுகள்

தகவல் பரிமாற்றம் இன்மை

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி, நடுவரின் ஆணைப் படிகள் இரு தரப்பினருக்கும், காவல் நிலைய அலுவலருக்கும், அப்பகுதியில் உள்ள சேவை வழங்குநருக்கும் இலவசமாக வழங்கப்படும். இப்பட்டியலில் துப்பாக்கி உரிமம் வழங்கும் அலுவலர் இல்லை. இதனால் பாதுகாப்பு ஆணை பெற்ற ஒருவரின் உரிமம், ஆட்சியர் அலுவலகக் கோப்பில் எவ்வித மாற்றமும் இன்றிப் புதுப்பிக்கப்பட வாய்ப்புள்ளது.

கூட்டுக் குடும்பம்

உரிமம் மாமனார் பெயரில் இருக்க, வன்முறை புரிபவர் கணவனாக இருக்கலாம். கணவனிடம் உரிமமே இல்லாததால் அதனை நீக்கவும் இயலாது. இந்நிலையில், துப்பாக்கியைப் பிறர் கைக்கு எட்டாமல் பாதுகாப்பாக வைக்கவில்லை என உரிமம் பெற்றவர் மீது நடவடிக்கை கோருவதே வழியாகும். கணவனின் உறவினரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். வயதுவந்த ஆண்கள் மீது மட்டுமே மனு அளிக்கலாம் என்றிருந்த வரையறையை இந்திய உச்ச நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டில் ஈரல் அர்சோரா வழக்கில் நீக்கியதால், மாமியார், நாத்தனார் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

பணித்துப்பாக்கி

பொது ஊழியர் தம் கடமையின் பொருட்டு வைத்திருக்கும் ஆயுதத்திற்கு ஆயுதச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே காவலர் ஒருவர் தம் மனைவியை மிரட்டினால், நீக்குவதற்கு உரிமம் எதுவும் இராது. அவருக்கு ஆயுதமில்லாப் பணி வழங்குவது மேலதிகாரியின் பொறுப்பாகிறது. கணவன் பணியாற்றும் துறையிடமே மனைவி புகார் அளிக்க நேர்வது இதில் உள்ள பெருஞ்சிக்கல் ஆகும்.

உரிமமற்ற துப்பாக்கி

உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது இருப்பதை அறிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே. புகார் அளித்தால் கணவன் சிறை செல்ல நேரும் என்பதாலும், தாமும் விசாரணைக்கு உள்ளாகக்கூடும் என்ற அச்சத்தாலும் பெண்கள் இதனை வெளியிடத் தயங்குகின்றனர். தமிழ்நாட்டின் மலையடிவார மாவட்டங்கள் சிலவற்றில், குறிப்பிட்ட நாளுக்குள் தாமாக ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை எனக் காவல்துறை அறிவித்து நாட்டுத் துப்பாக்கிகளைப் பெற்றுள்ளது. இம்முறை குடும்பங்களுக்கு ஓர் எளிய வழியைத் தருகிறது.

தேர்தல் கால ஒப்படைப்பு

தேர்தல் அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு தமிழ்நாட்டின் மாவட்டங்களில் அறிவிப்பு வெளியாவது வழக்கம். மாவட்ட அளவிலான ஆய்வுக் குழு உரிமங்களை மீளாய்வு செய்கிறது. பிணையில் உள்ளோர், குற்றப் பின்னணி உடையோர் ஆகியோரின் துப்பாக்கிகள் சிறப்பாகக் கவனிக்கப்படுகின்றன. வங்கிக் காவலர் போன்றோருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. தேர்தல் முடிந்ததும் துப்பாக்கிகள் திருப்பித் தரப்படுகின்றன.

உரிமதாரர் பட்டியலை எடுத்து, ஆபத்து உள்ளோரைப் பிரித்தறிந்து, துப்பாக்கியைப் பெற்று, இரசீது தந்து, பாதுகாத்து வைக்கும் நடைமுறை மாவட்ட நிருவாகத்திற்குப் பழக்கமானதே என்பதை இது காட்டுகிறது. அம்மீளாய்வில் குடும்ப வன்முறை ஆணைகளையும் ஒரு அளவுகோலாகச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தேர்தல் இல்லாத காலத்திலும் தனி நபர் மீது 17 ஆம் பிரிவைப் பயன்படுத்தலாம்.

பிற நாடுகளில்

* ஐக்கிய அமெரிக்கா: பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதை 1994 ஆம் ஆண்டுச் சட்டமும், குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தில் தண்டனை பெற்றவர் வைத்திருப்பதை 1996 ஆம் ஆண்டின் லாட்டன்பர்க் திருத்தமும் தடை செய்கின்றன. முதல் தடை அரசியலமைப்பிற்கு உட்பட்டதே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 சூன் 21 அன்று ரகிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.
* ஆத்திரேலியா: 1996 ஆம் ஆண்டு போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் ஏற்பட்ட தேசியத் துப்பாக்கி உடன்பாடு, குடும்ப வன்முறை ஆணைக்கு உட்பட்டவரின் உரிமத்தை மறுக்கவும் நீக்கவும் வழி செய்தது.
* தென்னாப்பிரிக்கா: குடும்ப வன்முறைச் சட்டம், 1998, மிரட்டியவரிடமிருந்து ஆயுதத்தைக் கைப்பற்றுமாறு காவல்துறைக்கு ஆணையிட நீதிமன்றத்திற்கு வெளிப்படையான அதிகாரம் அளித்தது.
* நியூசிலாந்து: பாதுகாப்பு ஆணை எதுவாயினும், ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் பொது நிபந்தனையாக அமைகிறது.

இந்நாடுகளில் ஆணையும் ஆயுதத் தடையும் ஒரே சட்டத்தில் பிணைக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் அப்பிணைப்பை மனுதாரரும் அவரது வழக்குரைஞரும் ஒவ்வொரு வழக்கிலும் தாமே உருவாக்க வேண்டியுள்ளது.

மாற்றுக் கருத்துக்கள்

உரிமத்தை நீக்குமாறு கோரும் வாய்ப்பு பொய்ப் புகார்களுக்கு இடம் தரும் என்பது ஒரு வாதம் ஆகும். ஒரு குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே உரிமத்தை நீக்கப் போதுமான காரணம் அன்று என அலகாபாத் உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. பாதுகாவலராகப் பணிபுரிபவருக்கு உரிமம் நீங்கினால் வேலையே போய்விடும். அவ்வருமானத்தை நம்பியிருக்கும் மனைவியும் குழந்தைகளும் பாதிக்கப்படுவர் என்பதும் கவனிக்கத்தக்கது.

மறுபுறம், இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று. ஐக்கிய அமெரிக்காவைப் போலன்றி இந்திய அரசியலமைப்பு அத்தகைய உரிமையை வழங்கவில்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது. மேலும், நீக்கத்திற்கும் இடைநிறுத்தத்திற்கும் வேறுபாடு உண்டு. இடைநிறுத்தத்தின்போது துப்பாக்கி காவல் நிலையத்திலோ விற்பனையாளரிடமோ இருக்கும். புகார் மெய்ப்பிக்கப்படாவிட்டால் உரியவரிடம் திரும்பும். தவறாக வாங்கி வைக்கப்பட்ட துப்பாக்கியைத் திருப்பித் தரலாம். தவறாக விட்டுவைக்கப்பட்ட துப்பாக்கியால் போன உயிரைத் திருப்பித் தர இயலாது என்பதே இடைநிறுத்தத்தை ஆதரிப்போரின் நிலைப்பாடு ஆகும்.

இவற்றையும் பார்க்க

* குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005
* ஆயுதச் சட்டம், 1959
* அனைத்து மகளிர் காவல் நிலையம்
* வரதட்சணைத் தடைச் சட்டம், 1961
* மதுரை மாவட்டம்